மாமன் சீர்

சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.

அன்பு மீனாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வீட்டிலேயே கெட்டில்பெல் வைத்துப் பயிற்சி செய்யப்போகிறாய் என்று தெரிந்ததும் மனசு நிறைந்துபோனது. ஆனால் கைப்பிடி வைத்த அந்த ரோஸ் கலர் பிளாஸ்டிக் குண்டைப் பார்த்ததும் கோபம் வந்ததும் நிஜம். ஃபவுண்டரியிலேயே ஆயுளைக் கழித்த தாய்மாமன் ஒருத்தன் இருக்கும்போது, அவனை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? இன்னும் ஆர்டர் போடவில்லை என்றால் போடாதே. போட்டிருந்தால் உடனே ரத்து செய்துவிடு.

மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் நீ காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று அக்கா போனில் புலம்புகிறாள். நம் வீட்டில் தாத்தாவுக்குச் சர்க்கரை, உன் அம்மாவுக்கும் சர்க்கரை. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்வது தசைதான். அதனால்தான் நடந்தால் மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண் பெண் எல்லோருக்கும் சொல்கிறது. உன்னை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், தாயி.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த இரும்பு?" என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே. நம் ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லை உனக்குத் தெரியும். இளந்தாரிகள் அதைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்ட காலம் ஒன்று இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் இன்றைக்கும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. அங்கே பெண்களும் தூக்குகிறார்கள். பாரம் தூக்குவது நம் மண்ணுக்குப் புதிது இல்லை. தாத்தாவின் கர்லாக்கட்டையிலும் கனம் கைக்கு வெளியேதான் இருக்கும். அதைச் சுழற்றும்போது உடம்பு முழுக்க வேலை செய்யும். கெட்டில்பெல்லுக்கும் அதே சூட்சுமம்தான். ரஷ்யாவில் தானியம் நிறுக்க வைத்திருந்த படிக்கல் அது. அங்கே ஒரு பூட் என்பது 16 கிலோ சொச்சம். கடையில் 8, 16, 24, 32 என்று எடைகள் வரிசையாக இருப்பது அதனால்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் ரோஸ் கலர் குண்டுக்குள்ளே இருப்பது சிமெண்ட். இரும்பு சிமெண்டைப் போல மூன்று மடங்கு அடர்த்தி. 8 கிலோ வார்ப்பிரும்பு ஏறத்தாழ ஒரு லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். அதே 8 கிலோ சிமெண்ட் மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு பெருத்த குண்டு முன்கையில் இடிக்கும், கால் இடுக்கில் தடுக்கும். ஒருநாள் கை தவறிக் கீழே விழுந்தால் மேல் ஓடு கீறிவிடும், சிமெண்ட் பொடிப்பொடியாகக் கொட்டும்.

வார்ப்பிரும்பில் வாங்கு. கைப்பிடியும் குண்டும் ஒரே வார்ப்பாக, ஒரே உடம்பாக இருக்க வேண்டும். கைப்பிடியைத் தனியாகப் பற்றவைத்தது வேண்டாம். வீசும்போது மொத்த பாரமும் அந்த ஒட்டில்தான் இழுக்கும்.

அடுத்தது கைப்பிடியின் உள்பக்கம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மணலில் இரண்டு பாதியாக அச்செடுத்து, மேலும் கீழுமாகச் சேர்த்து மூடி, உருகின இரும்பை ஊற்றுவோம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும், அதில் பிசிறு நிற்கும். நல்ல பட்டறையில் அதைக் கிரைண்டிங் பிடித்து வழவழப்பாக்கித்தான் வெளியே அனுப்புவார்கள். அவசரக்காரர்கள் பிசிறின் மேலேயே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கடைக்குப் போகும்போது ஒரு பழைய நூல் சேலைத் துண்டைக் கையோடு கொண்டு போ. கைப்பிடியின் உள்பக்கம் சுற்றி, இரண்டு மூலை வளைவுகளிலும் இழுத்துப் பார். நூல் மாட்டினால் நாளைக்கு உன் உள்ளங்கைத் தோலும் மாட்டும். அதை அப்படியே வைத்துவிட்டு வா.

கைப்பிடி 33, 35 மில்லிமீட்டர் கனத்துக்குமேல் போகக் கூடாது. உன் விரல் சின்னது. தடித்த கைப்பிடியைப் பிடித்தால் இடுப்பு களைக்கும் முன்னால் கை விட்டுவிடும். இரண்டு கையாலும் பிடித்துப் பார், சுண்டுவிரல் நசுங்கக் கூடாது. 8 கிலோவில் சில கைப்பிடிகள் ரொம்பக் குறுகலாக இருக்கும்.

பளபளப்புக்கு மயங்காதே. கெட்டியான எனாமல் பெயிண்ட் மதுரைச் சித்திரை வெயிலில் வியர்வை பட்டால் வழுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். மெல்லிசாக, மங்கலாக இருக்கும் பவுடர் கோட்டிங் கைக்குப் பிடிமானம் தரும். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்: வார்ப்பில் விழுந்த குழிகளைப் பட்டி வைத்து மூடியிருக்கிறார்களா? தரையில் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா? கடைசியில் தராசில் ஏற்றச் சொல். மேலே 8 என்று எழுதியிருப்பதால் மட்டும் அது 8 கிலோ ஆகிவிடாது.

போட்டிக்கென்று செய்யும் ஸ்டீல் குண்டுகள் எல்லா எடையிலும் ஒரே அளவில் இருக்கும்; 8 கிலோ ரோஸ், 16 கிலோ மஞ்சள் என்று நிறத்தால்தான் பிரிப்பார்கள். விலை அதிகம். உனக்கு இப்போது அது தேவையில்லை. ஆறு குண்டு சேர்ந்த செட்டும் வேண்டாம். நல்லதாக ஒரே ஒரு 8 கிலோ போதும். அது கைக்கு லேசானதும் 12 பார்க்கலாம். நல்ல வார்ப்பு உன் காலம் தாண்டி உன் பிள்ளை காலத்துக்கும் வரும்.

ஆர்வக்கோளாறில் முதல் நாளே வீச ஆரம்பிக்காதே. முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடுத்து வைக்க மட்டும் பழகு. பாரத்தை இடுப்பும் தொடையும்தான் தள்ள வேண்டும், முதுகு அல்ல. ரேஸ்கோர்ஸ் மைதானப் பக்கம் விசாரித்து, தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள். போன வருஷம் உனக்கு இடுப்பு பிடித்ததே, அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பி. மொசைக் தரைக்கு மேலே ஒரு ரப்பர் பாய் போடு. உன் குட்டிப்பயல் பக்கத்தில் இருக்கும்போது தொடவே தொடாதே.

காசு நான் கொடுக்கிறேன். உன் காதுகுத்துக்கு நகை போட்டேன், கல்யாணத்துக்குச் சீர் வைத்தேன். இதுவும் மாமன் சீர்தான், மறுக்காதே. கூடவே அக்காவுக்கும் ஒரு 4 கிலோ வாங்கு. இந்த வயசிலா என்பாள். இந்த வயசில்தான் எலும்புக்குத் தெம்பு வேண்டும், தம்பி சொன்னான் என்று சொல்.

கடையில் நின்றபடியே போன் போடு. கைப்பிடியைப் பக்கத்தில் காட்டு, நான் சரி என்று சொன்ன பிறகு பணம் கொடு.

அன்புடன்,
மாமா