அனாதைக் கார்களும் ஒரு ரப்பர் ட்யூபும்

  இது 2024 ஜூன்ல நடந்தது, இப்பதான் எழுத உக்காந்திருக்கேன்.

டெட்ராய்ட் பக்கம் ஆன்சைட் வர்ற நம்மாளுங்க எல்லாரும் தவறாம போற இடம் டியர்பார்ன்ல இருக்குற ஹென்றி ஃபோர்டு மியூசியம். ரோஸா பார்க்ஸ் உக்காந்துட்டுப் போன பஸ், கென்னடி சுடப்பட்ட கார், ரெண்டு பக்கத்துலயும் நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியாகணும். நானும் அனுப்பியாச்சு. அன்னிக்குப் போனது வேற இடம். இப்ஸிலாண்டின்னு ஒரு சின்ன ஊர், கிரேக்க சுதந்திரப் போர்ல சண்டை போட்ட ஒரு தளபதி பேரு. என் ரூம்மேட் இன்னும் 'யிப்ஸி'ன்னுதான் சொல்றான், திருத்திப் பாத்து விட்டுட்டேன். அங்க ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஆட்டோமோட்டிவ் ஹெரிட்டேஜ் மியூசியம் இருக்கு.

மியூசியம்னா பளிங்குத் தரை எல்லாம் எதிர்பாக்காதீங்க. அது ஒரு பழைய கார் ஏஜென்சி. ஹட்ஸன்னு ஒரு கம்பெனி, 1909ல டெட்ராய்ட்ல ஆரம்பிச்சது. 1954ல நேஷ் கம்பெனியோட சேந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆச்சு, 1957க்கு அப்புறம் ஹட்ஸன்ங்கிற பேர்ல காரே கிடையாது. ஆனா இந்தக் கடையை மூடல. அப்பா நடத்தின ஏஜென்சியை மகன் ஜாக் மில்லர் எடுத்து, செத்துப் போன கம்பெனியோட காருக்கு பார்ட்ஸ் வித்துக்கிட்டே இருந்திருக்காரு. உலகத்தோட கடைசி ஹட்ஸன் டீலர்னு பேரு. அப்புறம் அதுவே மியூசியமாயிடுச்சு.

நடுநாயகம் 92ஆம் நம்பர் ஹட்ஸன் ஹார்னெட். ஹெர்ப் தாமஸ் 1950கள்ல ரேஸ் ஓட்டின அதே கார். 2006ல வந்த 'கார்ஸ்' படத்துல வர்ற டாக் ஹட்ஸன் தாத்தா ஞாபகம் இருக்கா? அவரு இந்த ரகம்தான். இதோட சூட்சுமம் தரையில இருக்கு. மத்த கார்கள்ல சேஸிஸ் சட்டத்துக்கு மேல தரை உக்காந்திருக்கும். ஹட்ஸன் 1948ல தரையை சட்டங்களுக்கு நடுவுல கீழ இறக்கிட்டான். கதவைத் திறந்தா உள்ள ஒரு படி இறங்கணும். எடை மொத்தமும் கீழ இருக்குறதால வளைவுல கவுக்காது. மத்தவன் எல்லாம் புது வி-8 இஞ்சினோட வந்தப்ப, இவன் பழைய டைப் ஆறு சிலிண்டர் இஞ்சினை வெச்சுக்கிட்டே 1952 நாஸ்கார்ல 34 ரேஸுக்கு 27 ஜெயிச்சிருக்கான். வேடிக்கை என்னன்னா ஜெயிக்க வெச்ச அதே பாடிதான் பின்னாடி கழுத்தைப் புடிச்சது. அதை மாத்தி வடிவமைக்க ஏகப்பட்ட பணம் ஆகும். இருந்த பணத்தையும் 'ஜெட்'னு ஒரு சின்னக் கார்ல 1953ல போட்டாங்க, விக்கல.

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். ஜெனரல் மோட்டார்ஸோட ஹைட்ரா-மாட்டிக் கியர்பாக்ஸ் இருக்கு, பெரிய அளவுல தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக். ரெண்டாம் உலகப்போர்ல ஃபோர்டு 8,685 பி-24 குண்டுவீச்சு விமானம் செஞ்ச வில்லோ ரன் ஆலைதான் பின்னாடி இந்த கியர்பாக்ஸுக்கும் வீடாச்சு. அது இங்க பக்கம்தான். மொத்தமே 51 கார் செஞ்ச ப்ரெஸ்டன் டக்கரும் இந்த ஊர்க்காரருதான். 1988 சினிமாவுக்காக செஞ்ச டக்கர் நகல் ஒண்ணு நிக்குது. ஒரிஜினல்னு நெனச்சு பத்து போட்டோ எடுத்துட்டேன், அது வேற விஷயம்.

சுத்திக் காட்டின வாலன்டியர் தாத்தாவுக்கு எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். அவரு வாயில அடிக்கடி வந்த ஒரு வார்த்தை, அனாதைக் கார். செஞ்ச கம்பெனி, இல்ல அந்தப் பேரு, இப்ப இல்லாமப் போயிட்டா அந்தக் கார் அனாதை. பேக்கார்ட், ஸ்டூடிபேக்கர், கைஸர், நம்ம காலத்துல பான்டியாக். இந்த அனாதைகளுக்குன்னே 1997ல ஒரு திருவிழா ஆரம்பிச்சிருக்காங்க. ஆத்தங்கரை பார்க்ல ஒவ்வொரு காரா மெதுவா ஓடி வருமாம், ஒருத்தர் மைக்ல அதோட கதையைச் சொல்லுவாராம். நல்லா பேர் நிலைச்ச கம்பெனி கார் எவ்வளவு பழசா இருந்தாலும் அதுல இடம் கிடையாது. கேக்கவே நல்லா இருந்துச்சு.

இங்கதான் கொசுவத்தி சுத்தியாகணும்.

எங்கப்பா ஈரோட்டுல கார் மெக்கானிக். பன்னெண்டு வயசுல ஸ்பேனர் புடிச்சவரு. அவரு கைக்கு வந்தது எல்லாமே இப்ப அனாதைங்கதான். அம்பாஸடர் 2014ல நின்னுச்சு, பத்மினி அதுக்கு முன்னாடியே போயாச்சு. அவருக்குப் புடிச்சது மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதுல பானட் மட்டும் தனியா திறக்காது. மட்கார்டோட சேத்து முன்பக்கம் முழுசும் முன்னாடி சாயும். டயர் மேல உக்காந்து வேலை பாக்கலாம். "குனியாம வேலை பாக்க விட்ட ஒரே கார்றா கண்ணு"ம்பாரு.

கம்ப்யூட்டர் வெச்ச காருங்க வந்ததும் பட்டறைக்கு வண்டி வர்றது கொறஞ்சுது. 2023ல நான்தான் சொன்னேன். வாடகை தண்டம், காலி பண்ணிடுங்கப்பான்னு. எக்ஸெல் ஷீட் எல்லாம் போட்டுக் காட்டினேன். மூணு அலமாரி பார்ட்ஸ், நாப்பது வருஷ சேகரிப்பு, பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுப் போச்சு. பணம் வந்ததும் எனக்குக் கணக்கு அனுப்பினாரு, ஒரு வார்த்தை எழுதல.

அந்த மில்லர் கடையில பார்ட்ஸ் அட்டைப்பெட்டிங்களைப் பாத்ததும் அப்பாவுக்குப் போன் போடணும்னு தோணுச்சு. அங்க ராத்திரி பதினொன்றரை. முதல் ரிங்லயே எடுத்தாரு. பட்டறை மூடினதுல இருந்து தூக்கமே இல்லைன்னு அம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க.

வீடியோவுல ஹார்னெட் இஞ்சினைக் காட்டினேன்.

"ரெண்டு கார்புரேட்டரா? ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கணுமே. எப்படி சரி பண்ணுவாங்கன்னு அந்தப் பெரியவரைக் கேளு கண்ணு."

கேட்டேன். தாத்தா சிரிச்சுட்டு, விரல்ல ஒரு குழாய் மாதிரி காட்டி, ஒரு முனையை காதுல வெச்சு இன்னொரு முனையை கார்புரேட்டர் வாய்கிட்ட கொண்டு போற மாதிரி பண்ணாரு. நான் மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே அப்பா அந்தப் பக்கம் "அதேதான், அதேதான், ரப்பர் ட்யூபு!"ன்னு கத்திட்டாரு. உஸ்ஸுங்கிற சத்தம் ரெண்டுலயும் ஒண்ணா வரணுமாம். அப்புறம் அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க. நான் வெறும் ஸ்டாண்டு. பாதி வார்த்தைக்கு எனக்கே ரெண்டு மொழியிலயும் அர்த்தம் தெரியல, இன்ஜினியரிங் படிச்சவன்னு வெளிய சொல்லிக்காதீங்க.

கடைசியா தாத்தா கேட்டாரு, உங்கப்பா பட்டறை இன்னும் ஓடுதான்னு. நான் வாயைத் திறக்கல. அப்பாவே இங்கிலீஷ்ல சொன்னாரு. "நோ சார். க்ளோஸ்டு. சன் சாஃப்ட்வேர் சார், வெரி குட் பாய்."

தாத்தா என்னைப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல.

அப்பா மட்டும், "அந்த அலமாரியை இன்னொருக்கா காட்டு கண்ணு"ன்னாரு. பெட்டி பெட்டியா மெதுவா காட்டினேன். "எல்லாத்துலயும் நம்பர் எழுதி வெச்சிருக்கான் பாரு. நான் எழுதல"ன்னாரு. அப்பதான் "ஏம்ப்பா வித்தீங்க, வேண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன். என்ன தைரியத்துல கேட்டேன்னு இப்பவும் தெரியல. "நீ கணக்குப் போட்டது சரிதானே கண்ணு, மணி பன்னெண்டு ஆச்சு, அம்மா எந்திரிச்சுடுவா"ன்னு வெச்சுட்டாரு.

மறுநாள் வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்துச்சு. பரண், பித்தளைக் குண்டான்களுக்குப் பின்னாடி, தினத்தந்தி பேப்பர்ல சுத்தி ஒரு ஹெரால்டு கார்புரேட்டர். பக்கத்துல அரை மீட்டர் கறுப்பு ரப்பர் ட்யூபு. கீழ எழுதியிருந்தாரு:

"இது ரெண்டும் எடையில போடல. அம்மாவுக்குத் தெரியாது."