காசு கொடுத்து வேலைக்குப் போவது

ஹாம்பர்க்கில் டிசம்பர் 27 முதல் 30 வரை நடக்கும் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் வேலை பார்க்க வருகிறவர்களும் நுழைவுச்சீட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பல்லாயிரம் பேர் கூடும் கணினி மாநாடு அது. வாசலில் நிற்பவர், நாற்காலி அடுக்குபவர், காலி பாட்டில் பொறுக்குபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. மாநாட்டை ஏற்பாடு செய்கிறவர்களும் சீட்டு வாங்கியவர்கள்தான்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கும் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். "ஏனம்மிணி, பாட்டில் பொறுக்கறதுக்கா இத்தன படிச்சுப்போட்டு அத்தன தூரம் போன? அதுக்கு நீயே காசும் குடுக்கறயாக்கும்?" என்றார். பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "லீவு நாள்ல ஊட்ல இருக்கச் சொல்லு. அங்க குளுரு."

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெளியூர் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே மாதக்கணக்கில் போகும். நாமக்கல் லாரி போகாத மாநிலம் இல்லை. போகிறவர்கள் சம்பாதிக்கப் போகிறார்கள். கூலியில்லாத வேலை என்றால் அது உறவுக்குச் செய்வது, இல்லாவிட்டால் சாமிக்குச் செய்வது. மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரியும் கொடுத்துவிட்டு, பந்தலுக்குக் குழி தோண்டவும் நிற்கிறவர்களை அம்மா வருஷா வருஷம் பார்க்கிறார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களுக்காக நான் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

இந்த மாநாட்டை நடத்துவது கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப். 1981இல் பெர்லினில் தொடங்கிய சங்கம். 1984இல் ஜெர்மன் அஞ்சல் துறையின் பிடிஎக்ஸ் என்ற கணினிச் சேவையில் ஓட்டை இருக்கிறது என்று காட்ட, ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் கணக்கிலிருந்து ஒரே இரவில் சுமார் 1,35,000 மார்க்கைத் தங்கள் கணக்கில் ஏற்றிக் காட்டினார்கள். பிறகு ஊரறியச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் காங்கிரஸ் நடந்ததும் அந்த ஆண்டு டிசம்பரில்தான். 2008இல் கைரேகைப் பதிவை ஆதரித்துவந்த உள்துறை அமைச்சர் ஷொய்ப்ளேயின் கைரேகையையே எடுத்துத் தங்கள் பத்திரிகையில் அச்சிட்டார்கள். ரேஷன் கடையில் விரல் வைத்து அரிசி வாங்கும் நம் ஊர்க்காரருக்கு இந்தக் குறும்பை விளக்க வேண்டியதில்லை. மாநாடு இடையில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் போய்விட்டு 2023இல் மறுபடி ஹாம்பர்க்குக்கு, டாம்டோர் ரயில் நிலையத்தை ஒட்டிய மாநாட்டு மையத்துக்கே வந்துவிட்டது.

தொண்டர்களை அங்கே எங்கெல், அதாவது தேவதை என்கிறார்கள். வேலை பிரித்துத் தரும் இடத்துக்கு ஹிம்மல், வானுலகம் என்று பெயர். வேடிக்கை பெயரோடு சரி. உள்ளே கணக்கு கறார். எங்கெல்சிஸ்டம் என்ற மென்பொருளில் எந்த அரங்கு, எத்தனை மணி, எத்தனை ஆள் என்று பட்டியல் ஓடும். விருப்பப்பட்டதில் நாமே பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயரும் சொந்தப் பெயராக இருக்க வேண்டியதில்லை, புனைபெயர் போதும். என்ன படித்தாய், எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை பார்க்கும் வேலை இரண்டு மடங்காகக் கணக்கில் ஏறும். தொண்டர்களுக்குச் சமைப்பதும் தொண்டர்களே.

எனக்குப் பிடித்தது கேமரா வேலை. முன்னனுபவம் தேவையில்லை, அரங்கின் பின்வரிசையில் வைத்தே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். காதில் ஹெட்செட், எதிரே முக்காலியில் கேமரா. கலவை மேசையில் இருப்பவர் காதுக்குள் "இரண்டு, கொஞ்சம் இடப்பக்கம்" என்பார். பேசுகிறவர் ஓரிடத்தில் நின்றால் பிழைத்தோம். மேடையை அளக்கிற ஆள் என்றால் ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். கையால் திருப்பாதே, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து இடுப்பைத் திருப்பு என்று எனக்குப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். அப்படிச் செய்தால் படம் குலுங்குவதில்லை. அவளுக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே கலவைக்குப் பயன்படுத்தும் வாக்டோமிக்ஸ் என்ற மென்பொருளும் இந்தக் காணொளிக் குழுவினரே எழுதியது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உரைகளும் அப்படித்தான், இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் முழங்கையை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றபோது நான் படித்த பொறியியல் கல்லூரி நினைவுக்கு வந்தது. நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் "நேஷனல் லெவல் டெக்னிக்கல் சிம்போசியம்" நடத்தினோம். நோட்டீஸ் போர்டில் கமிட்டிப் பட்டியல் ஒட்டினார்கள். மைக், ப்ரொஜெக்டர், ஒயரிங் எல்லாம் பையன்களுக்கு. பெண்கள் அத்தனை பேரும் ரிசப்ஷன். காலை ஏழரைக்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். ஒருத்தி கையில் சந்தனக் கிண்ணம், ஒருத்தி கையில் பன்னீர்ச் செம்பு, என் கையில் கற்கண்டுத் தட்டு. சீஃப் கெஸ்ட் பதினொன்றரைக்கு வந்தார். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, முதல்வர் உரை, தாளாளர் உரை. வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த மாணவர்களின் கட்டுரைகளுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம்கூட மிஞ்சவில்லை. நடுவில் ப்ரொஜெக்டர் மக்கர் பண்ணியது. எனக்கு அதைச் சரிசெய்யத் தெரியும் என்று போய்ச் சொன்னேன். "நீ ரிசப்ஷன்தானேம்மா, அங்க போய் நில்லு" என்றார் ஒருங்கிணைப்பாளர். சாயங்காலம் எல்லோருக்கும் சர்டிபிகேட் வந்தது. வருகைப் பதிவில் ஓ.டி., அதாவது ஆன் டூட்டி, போட்டார்கள். ஓ.டி. இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் வந்திருக்கமாட்டோம் என்பதும் உண்மைதான்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தொண்டு மனம் இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. பட்டியல் போட்டு நிறுத்தினார்கள்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். காங்கிரஸில் எல்லோரும் குடிப்பது கிளப்-மாட்டே என்ற காபீன் பானம். கண்ணாடி பாட்டில், திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைக்கும். அரங்கு அரங்காகப் போய் நாற்காலிக்கு அடியில் கிடப்பதைப் பொறுக்கிக் கூடையில் அடுக்க வேண்டும். ஒரு இரவு என்னோடு கூடை தள்ளியவர் நரைத்த தாடிக்காரர், அதிகம் பேசாதவர். மறுநாள் பெரிய அரங்கில் உட்கார இடமில்லாத கூட்டத்துக்கு முன்னால் அவர்தான் பேசினார்.

எங்கள் தோட்டத்துக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டேன். பரிமாறுவது எங்களுக்குக் கௌரவம். மாமன், மச்சான், சித்தப்பா பையன் என்று வாளியும் கரண்டியுமாக ஓடுவார்கள். "இன்னொரு கை வெச்சுக்கோங்க" என்று மல்லுக்கு நிற்பார்கள். அந்த எச்சில் இலையை எடுக்க மட்டும் மாமன் மச்சான் குனியமாட்டார்கள். அதை எடுக்கிற குடும்பம் எது, எந்தத் தெரு, அவர்கள் எப்போது எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். சின்ன வயதில் நான் ஒரு முறை இலை எடுக்கப் போய்ப் பாட்டியிடம் திட்டு வாங்கினேன். எங்கள் பக்கம் ஒத்தாசைக்குப் பஞ்சமில்லை. எந்த வேலை யாருக்கு என்பது பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஹாம்பர்க்கைச் சொர்க்கமென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நான் பார்த்தவரை மாநாட்டு மையத்தின் கழிப்பறைகளைத் துடைக்கிறவர்கள் கூலிக்கு வந்தவர்கள்; அவர்களில் பலர் என்னைப்போல் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். அதற்குத் தேவதைப் பட்டியல் கிடையாது. நான்கு நாள் சம்பளமில்லாமல் இருக்கவும், சீட்டு வாங்கவும் வசதியுள்ளவர்கள்தான் தேவதையாக முடியும். தமிழ் முகம் அரிது. வேலைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

ஆனாலும் நான் போகிறேன். ஜெர்மனியில் அயல்நாட்டார் அலுவலகத்தில் விசாவுக்கு நிற்கும்போதும், வீடு பார்க்கப் போகும்போதும், டாக்டரிடம் பேசும்போதும் நான் எப்போதும் எதையாவது கேட்டு நிற்கிறவள். காங்கிரஸில் தகவல் மேசைக்குப் பின்னால் நின்ற முதல் நாள், கையில் குழந்தையோடு வந்த ஒரு ஜெர்மன்காரர் என்னிடம் வழி கேட்டார். மாடியில் குழந்தைகளுக்கான இடத்தைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு இந்த நாட்டில் குடியுரிமைத் தாளைவிட அது பெரிதாகப்பட்டது.

ஜெர்மனியில் பதிவுபெற்ற சங்கங்கள் 6 லட்சத்துக்கு மேல். சிற்றூர்களில் தீயணைப்புப் படையே தொண்டர்களால் நடக்கிறது. அந்தப் பழக்கத்தின் ஒரு கிளைதான் இந்த மாநாடு. அதற்காக, இதெல்லாம் அவர்களுக்கே வரும் என்று நினைக்க வேண்டாம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத தமிழர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக வலையேற்றினார்கள். யாருக்கும் ஓ.டி. கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் டெபியன் மென்பொருளுக்காக மினிடெப்கான்ஃப் நடத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உலக அளவிலான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தது. டெபியன் காணொளிக் குழுவும் நான் சொன்ன வாக்டோமிக்ஸைத்தான் கையாள்கிறது. விழுப்புரத்தால் முடிந்தது சேலத்தால் முடியாதா?

சேலத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி 1966இலேயே வந்துவிட்டது. அதன் பிறகு சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று சாலையோரமெல்லாம் கல்லூரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லேப்கள் பூட்டிக் கிடக்கின்றன. கல்லூரி முதல்வர்களிடம் நான் கேட்பது பணமில்லை. ஒரு சனி, ஞாயிறு சாவியைக் கொடுங்கள். சீஃப் கெஸ்ட் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், சர்டிபிகேட்டும் வேண்டாம். வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, பெயரை அவரவரே எழுதிக்கொள்ள விடுங்கள். கேமராவுக்கு நேராக ஒரு பெண்பிள்ளை எழுதினால் அதை அடித்து ரிசப்ஷனுக்கு மாற்றாதீர்கள். மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு என்றால், இலை எடுக்கிறவர்கள் பட்டியலில் முதல் பெயரை நீங்களே எழுதுங்கள்.