சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதக் கடை

இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும் அந்த மேசை கடையாகிவிடுகிறது. காகிதம் வெட்டும் கட்டர், பத்துப் பன்னிரண்டு நிறங்களில் இங்க் பேட், ரப்பர் ஸ்டாம்ப், ஒட்டும் டேப், ரிப்பன் சுருள் எல்லாம் வந்து உட்காருகின்றன. சுற்றிலும் ஆறேழு பெண்கள். வீட்டுக்காரப் பெண்மணி லெட்டர் அளவு அட்டை ஒன்றைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்துக் காட்டுகிறார். ஒரு தாளில் இரண்டு வாழ்த்து அட்டை, துண்டுகூட வீணில்லை. அதன்மேல் பூ அச்சைக் குத்தி, மினுமினுப்புப் பொடி தூவி, சூடு காட்டும் கருவியைப் பிடித்தால் பொடி உருகி எழும்பி நிற்கிறது. ‘அட!’ என்று நாலு குரல். பேச்சில் பிள்ளைகள் வருகிறார்கள், மாமியார் வருகிறார், முழங்கால் வலி வருகிறது. கிளம்பும்போது ஆளுக்கொரு ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அமெரிக்காவில் எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆனால் இதன் தாய்வீடு என்று சொல்லத் தகுந்தது, மேற்கே மலையும் பாலைவனமுமாகக் கிடக்கும் யூட்டா மாநிலம்தான்.

ஏன் அங்கே? அதற்குத் தலைநகர் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் ஒரு நூலகத்திலிருந்து தொடங்க வேண்டும். உலகிலேயே பெரிய வம்சாவளி நூலகம் அது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உள்ளே போய்த் தங்கள் கொள்ளுத் தாத்தாவைத் தேடலாம். மார்மன் திருச்சபை நடத்துவது. குடும்ப உறவு இறப்போடு முடிவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் முன்னோர் பெயர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். ஹரித்வார் பண்டாக்கள் காத்துவரும் வம்சாவளி ஏடுகளைக்கூடப் படம்பிடித்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளின் போட்டோவை ஆல்பத்தில் ஒட்டி, கீழே நாலு வரி எழுதி வைப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கிட்டத்தட்ட ஒரு கடமை.

தலைநகரிலிருந்து ஐ-15 நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால், இடப்பக்கம் வசாட்ச் மலைத்தொடர் கூடவே வரும். ஒரு மணி நேரத்தில் ஸ்பானிஷ் ஃபோர்க். இந்தியர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். இங்கே வெள்ளை வெளேரென்று ஒரு ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. ஹோலி என்றால் வண்ணப்பொடி வீச ஆயிரக்கணக்கில் அமெரிக்க இளைஞர்கள் கூடிவிடுவார்கள். ஆனால் காகிதக்காரர்களுக்கு இது மாரியலன் கிறிஸ்டென்சனின் ஊர். குடும்பப் படங்களைத் தாள்களில் அழகாக அமைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வளையக் கோப்புகளில் சேர்த்துக்கொண்டே வந்தவர் அவர். 1980ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் விடவில்லை. ‘எப்படிச் செய்தீர்கள், தாள் எங்கே வாங்கினீர்கள்?’ என்ற கேள்விதான். அடுத்த ஆண்டே கணவரோடு சேர்ந்து செய்முறைப் புத்தகம் போட்டார். சொந்த ஊரில் கடையும் திறந்தார்.

அந்தக் கேள்வியில் விஷயம் இருந்தது. அப்போது எல்லார் வீட்டிலும் இருந்த பசைத்தாள் ஆல்பங்கள் சில வருடங்களில் போட்டோவைப் பழுப்பாக்கிவிடும். அமிலம் இல்லாத தாள் வேண்டும் என்பது தெரிந்ததும், அதை விற்க ஆள் வேண்டியிருந்தது. கடையில் அடுக்கினால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் நுழைந்தது அங்கேதான்.

அதே நெடுஞ்சாலையில் பிளெசன்ட் குரோவ், லீஹை, பிரோவோ என்று வரிசையாக ஊர்கள். வாசனை எண்ணெய், முகக் கிரீம், சத்து மாத்திரை என்று வீட்டுக்கு வீடு ஆள்பிடித்து விற்கும் நிறுவனங்களின் பளபளக்கும் தலைமையகங்கள் இந்த ஊர்களில்தான். ஒரே தேவாலய வட்டாரத்துக்குள் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். இளைஞர்கள் பலர் ஒன்றரை, இரண்டு ஆண்டு ஊழியத்துக்காக அந்நிய வீட்டுக் கதவைத் தட்டிப் பழகியவர்கள். வீட்டோடு இருக்கும் தாய்மார்களும் அதிகம். நேரடி விற்பனைக்கு இதைவிடத் தோதான மண் வேண்டுமா?

காகித வியாபாரத்தில் இங்கே பெரிய பெயர் ஸ்டாம்பின் அப். ஷெல்லி கார்ட்னர் என்ற பெண்மணி தன் சகோதரியோடு 1988ல், பக்கத்து மாநிலமான நெவாடாவின் லாஸ் வேகாஸில், வீட்டு வரவேற்பறையில் தொடங்கியது. பிறகு யூட்டாவுக்கு வந்தது. இன்று தலைமையகம் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் உள்ள ரிவர்டனில்.

சேருவது சுலபம். பல ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு இது: 99 டாலர் கட்டினால் 125 டாலர் மதிப்புள்ள பொருளைத் தானே தேர்ந்தெடுக்கலாம். விற்பனையில் 20 சதவீதம் கழிவு. அதிகம் விற்றால் இன்னும் கொஞ்சம் ஏறும். மூன்று மாதத்துக்கு 300 டாலர் விற்றால் பெயர் பட்டியலில் நிற்கும்.

இதை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் தெரியும். 300 டாலரில் 20 சதவீதம் 60 டாலர். அதாவது மாதம் 20. மாதிரி அட்டை செய்யும் தாள், கேட்லாக், வருகிறவர்களுக்குக் காபி, பிஸ்கெட், எல்லாம் இதிலிருந்துதான். போதாததற்கு ஆண்டுதோறும் புது கேட்லாக் வரும். போன வருட டிசைன்கள் பல விடைபெறும். ஆசையாய் வாங்கி வைத்த அச்சு பீரோவில் தூங்கும். அக்காவிடமும் பக்கத்து வீட்டிலும் எத்தனை தடவைதான் விற்க முடியும்? கூப்பிட்டால் போனை எடுக்கத் தயங்குகிறார்கள் என்ற நிலை வந்தால், அந்த இழப்பை எழுத நோட்டில் இடமில்லை.

அமெரிக்க அரசின் வணிக ஆணையமே, சட்டப்படி நடக்கும் பல அடுக்கு விற்பனையிலும் பெரும்பாலோர் சம்பாதிப்பது கொஞ்சம் அல்லது ஒன்றுமில்லை என்று எச்சரிக்கிறது. இந்தியாவிலோ 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், சேர்வதற்கென்று கட்டணமே வாங்கக் கூடாது என்கின்றன.

பிறகு ஏன் சேருகிறார்கள்? பலர் சம்பாதிக்கச் சேருவதே இல்லை. எப்படியும் வாங்கப்போகிற தாளையும் மையையும் கழிவு விலையில் வாங்கலாம், மாதம் ஒரு சாயங்காலம் தோழிகளோடு உட்காரலாம் என்ற கணக்கு. வருமானமாக எண்ணாதவரைக்கும் இது நேர்மையான கணக்குதான். நாலு காசு பார்ப்பவர்கள் பெரும்பாலும் டீச்சர்கள்: வகுப்புக்குக் கட்டணம், வெட்டித் தயாராக வைத்த கிட், வீடியோ பாடம். தனக்குக் கீழே ஆள் சேர்த்து, அவர்கள் விற்பதில் பங்கு பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் கடைசியில் சேருகிறவருக்குச் சேர்க்க ஆள் கிடைக்க வேண்டுமே.

நிறுவனம் கவிழ்ந்தால் மேசையும் கவிழும். மினசோட்டா மாநிலத்தில் 1987ல் பிறந்த கிரியேட்டிவ் மெமரீஸ், ஆல்பம் விற்கும் பெண்களின் பெரும்படையையே வைத்திருந்தது. போட்டோக்கள் போனுக்குள் போய்விட்ட காலத்தில், அதன் தாய் நிறுவனம் 2008லும், பின்பு அந்த வியாபாரமே 2013லும் திவால் மனுவோடு நீதிமன்றம் போயின. பெயர் இன்றும் இருக்கிறது. அந்த நாட்களில் அலமாரி நிறையச் சரக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் கதி வேறு.

சால்ட் லேக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே, அரிசோனா எல்லையை ஒட்டி, கனாப் என்ற சின்ன ஊர். சுமார் ஐந்தாயிரம் பேர்தான். மலைப்பாதை இறங்கும்போது மண் மெல்ல மெல்லச் சிவந்து, ஊருக்குள் நுழையும்போது நாலு பக்கமும் செக்கச்செவேல் பாறை. கௌபாய் படங்களை இங்கே எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். நடிகர்கள் தங்கிய விடுதியின் பெயர் பாரி லாட்ஜ். சென்னையில் காகிதம் வாங்கப் போகும் பாரிமுனைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை; ஆனாலும் காகிதக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

ஸ்டாம்பின் அப்பின் ரப்பர் அச்சுத் தொழிற்சாலை எழுந்தது இந்தச் சிவப்புப் பாறைகளின் நடுவில்தான். இங்கே ரப்பரில் உருவம் பதித்து வெட்டி, மரக்கட்டையைத் தனியாக வைத்துப் பெட்டி கட்டினார்கள். ரப்பரைக் கட்டையில் ஒட்டும் வேலை வாங்குகிறவருடையது. நேராக ஒட்ட வேண்டும். கோணலானால் பூ வாழ்நாள் முழுக்கச் சாய்ந்தே பூக்கும். அதனால் அன்றைய மேசைக் கூட்டங்களில் விற்பவர் முதலில் கற்றுக்கொடுத்த பாடமே அதுதான்: கையைக் கழுவி, ஈரம் துடைத்து, மூச்சைப் பிடித்து ஒட்டு.