பிரெஞ்சுப் பாடசாலையில் பிரித்தானியச் சிறார்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, தொர்தோன் நதி பாயும் நாடு வால்நட் தோப்புகளுக்கும் குன்றின்மேற் கோட்டைகளுக்கும் பேர்போனது. நூறாண்டுப் போரின்போது ஆங்கில மன்னரும் பிரெஞ்சு மன்னரும் மாறிமாறிப் பிடித்தாண்ட மண் இது. 1453 ஆம் ஆண்டில் இந்நதிக்கரையிலுள்ள கஸ்தியோன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை முறியடிக்கப்பட்டதோடு அப்போர் ஓய்ந்தது. இன்றோ ஆங்கிலேயர் வாளேந்தாமல், வீடு வாங்கிய உறுதியோடு மீண்டும் வந்திருக்கின்றனர். 1270 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட எய்மே என்னும் சிற்றூரின் சதுக்கத்தில், கல்வளைவுத் தாழ்வாரங்களின் ஓரமாக வியாழக்கிழமைச் சந்தையில் நாம் நடந்து சென்றால், பிரெஞ்சோடு ஆங்கிலமும் தாராளமாகக் காதில் விழும். கிரிக்கெட் கழகங்கூட இவ்வூரில் உண்டு!

வந்தவருட் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கூரை ஒழுகினால் செப்பனிடுவதே அவர்களுடைய பெருங்கவலை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளோடு வருவோரின் நிலை வேறு. பிள்ளையை எங்கே சேர்ப்பது, எம்மொழியிற் படிப்பிப்பது என்ற கேள்விக்குப் பெற்றோர் கூறும் விடையிலே, அப்பிள்ளை எந்நாட்டவனாக வளர்வான் என்பதும் அடங்கியிருக்கின்றது.

சட்டத்தைப் பொறுத்தவரை சிக்கல் அதிகமில்லை. சுதேசிகளாயினும் பிறநாட்டவராயினும் 3 வயது முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். தொடக்க வயது 6 ஆக இருந்ததை 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 3 ஆகக் குறைத்தது. வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்புவோர் 2022 முதல் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அரசாங்கப் பாடசாலையிற் கட்டணமில்லை. பிறப்புச் சான்று, வதிவிட அத்தாட்சி, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றோடு மேயர் காரியாலயத்துக்குச் சென்றால் ஆரம்பப் பாடசாலைக்கான பதிவு நடந்துவிடும்.

சிறு பிள்ளைகளுக்கு அயலிலுள்ள கிராமப் பாடசாலையே சிறந்தது என்பது எமது துணிபு. இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் ஓர் ஆசிரியரே நடத்துவதை இக்கிராமங்களிற் காணலாம். மத்தியான இடைவேளை ஒன்றரை மணி நேரம், சில இடங்களில் இரண்டு மணி நேரம். பிள்ளைகள் அமர்ந்து, முதலில் காய்கறி, பின் சூடான உணவு, பின் பாலாடைக் கட்டியோ பழமோ என்று முறையாக உண்கின்றனர். பெரும்பாலான ஊர்களில் புதன்கிழமை விடுமுறை. இங்கிலாந்தில் ஐந்து வயதிலேயே எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை, பிரான்சில் அதே வயதில் சித்திரம் வரைந்துகொண்டிருப்பதைக் கண்டு தாய்மார் திடுக்கிடுவதுண்டு. பயப்படவேண்டியதில்லை, வாசிப்பை ஆறு வயதில் முறையாகத் தொடங்குவதே இந்நாட்டு வழக்கம். தொடங்கிய பின் கூட்டெழுத்தையும் நெருக்கமான கோடிட்ட தாளையும் விட்டு விலக இடங்கொடார்!

முதற் சில மாதங்கள் வாய் திறவாத குழந்தை, ஒரு நாள் விளையாட்டு முற்றத்திற் பந்துக்காகச் சண்டையிடும்போது பிரெஞ்சிற் கத்துகின்றது. அதன் பின்னர் பெற்றோருக்கே அது மொழிபெயர்ப்பாளனாகிவிடும். பிள்ளைத்தொகை குறைந்து வகுப்பு மூடப்படுமோ என்று அஞ்சும் கிராமத்துக்கு, மூன்று பிள்ளைகளோடு வரும் குடும்பம் ஒரு வரப்பிரசாதம் என்பதையும் சொல்லவேண்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் வரும் பிள்ளையின் கதை இவ்வளவு இனிமையானதன்று. 11 வயது முதல் 15 வயது வரை கொலேஜ், அதன்பின் மூன்றாண்டு லிசே, முடிவில் 1808 ஆம் ஆண்டில் நெப்போலியன் ஏற்படுத்திய பக்கலோரியாப் பரீட்சை என்பது ஒழுங்கு. பொதுப்பிரிவு மாணாக்கர் அப்பரீட்சையில் நான்கு மணி நேரம் தத்துவ விடை எழுதவேண்டும், அதுவும் பிரெஞ்சில்! புதிதாக வருவோருக்கு மொழி கற்பிக்கும் தனிவகுப்புகள் உண்டு. ஆயினும் நாட்டுப்புறத்து ஒவ்வொரு கொலேஜிலும் அவை இல்லை. இங்கிலாந்தில் வகுப்பையே சிரிக்கவைத்த பையன் இங்கே மந்தன்போல் ஒரு மூலையில் இருக்க நேர்கின்றது. அவனுடைய அறிவு குறையவில்லை, சொல்தான் இல்லை. அவ்வயதில் அது பெருந்துயரம். கிராமத்து வீட்டின் அழகை மட்டும் பார்த்து இத்தகைய பிள்ளையை அழைத்து வருவதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

அவனுக்கு வேறு வழிகளுண்டு. அவை பெரும்பாலும் நகரங்களை அண்டியவை. பாரிசுக்கு மேற்கேயுள்ள சேன் ஜெர்மேன் ஆன் லே நகரில், நேட்டோ நாடுகளின் அதிகாரிகளுடைய பிள்ளைகளுக்காக 1952 ஆம் ஆண்டில் தொடங்கிய சர்வதேச லிசே இன்றும் நடைபெறுகின்றது. அங்கே பிரெஞ்சுப் பாடங்களோடு, பிரித்தானியப் பிரிவில் இலக்கியமும் சரித்திரமும் ஆங்கிலத்தில் நடக்கும். சேர்வதற்குத் தேர்வு உண்டு. பிரிவுக்குக் கட்டணமும் உண்டு. (முடியிழந்து ஓடிவந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1701 ஆம் ஆண்டில் உயிர்நீத்ததும் இந்நகரிலேதான்.) குரோவாசியிலுள்ள பிரித்தானியப் பாடசாலையோ, நம் நாட்டு உயர்தரத்துக்கு முன்மாதிரியான அவர்களுடைய பரீட்சைக்கே ஆயத்தஞ் செய்கின்றது, பணமுள்ளவர்க்கே அது கைகூடும். இவற்றின் நடுவே, 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும் தனியார் பாடசாலைகள் உள்ளன. பெரும்பாலும் கத்தோலிக்கப் பாடசாலைகள், கட்டணம் அளவானது, ஆனால் மொழி பிரெஞ்சுதான்.

பிரித்தானியா 2020 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் கணக்கு இன்னும் கடினமாயிற்று. பிரான்சில் வளர்ந்த பிள்ளை பதினெட்டு வயதில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினால், பொதுவாக மூன்றாண்டு அங்கே வசித்திருந்தாலன்றி உள்நாட்டு மாணவனுக்குரிய கட்டணம் கிடைப்பதில்லை. குழந்தையைக் கிராமப் பாடசாலையிற் சேர்க்கும் நாளிலேயே இதையும் எண்ணிப்பார்க்கும் பெற்றோர் சிலரே.

ஆங்கிலமும் தானாக நிலைத்துவிடாது. வீட்டிலே சரளமாகப் பேசும் பிள்ளை, பாட்டிக்குக் கடிதம் எழுதும்போது பிரெஞ்சு முறையில் எழுத்துக் கூட்டுகின்றது. ஆகவே புதன்கிழமைகளிற் சில தாய்மார் சாப்பாட்டு மேசையிலே ஆங்கில வகுப்பு நடத்துகின்றனர். பாரிசின் லா சப்பல் வீதிகளில் நம்மவரைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. வாரமெல்லாம் பிரெஞ்சிற் படித்த ஈழத்துப் பிள்ளைகள், வார இறுதியில் அரிச்சுவடியோடு தமிழ் வகுப்புக்குப் போகின்றனர்.