'இன்' வந்தால் 'இல்லை' என்று அர்த்தமா?

ஆங்கிலத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல் தோற்றமளிக்கும் அட்ஜெக்டிவ்கள் ஏராளம். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது. எகனாமிகல் என்றால் சிக்கனமானது. ஹிஸ்டாரிகல் என்றால் வரலாறு தொடர்பானது. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் இடம்பெறத் தக்கது. இவற்றை மாற்றி எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் சிரிப்பார். அதோடு போயிற்று. ஆனால் ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் என்ற ஜோடியில் தடுமாறினால் வீடே பற்றிக்கொள்ளும்.

இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றக் கூடியது.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டில் பெயின்ட் வேலை நடந்தது. தின்னர் டின்னைச் சமையல் மேடையில், கேஸ் அடுப்புக்கு ஒரு முழத் தொலைவில் வைத்திருந்தார்கள். சுட்டிக் காட்டினேன். அந்த வீட்டுப் பெரியவர், "டின்னிலேயே இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கானே சார்! கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி, தீப்பிடிக்காதுன்னுதானே அர்த்தம்?" என்றார். நன்கு படித்தவர். அவருடைய தர்க்கத்தையும் குறை சொல்ல முடியாது. டின்னை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் விளக்கம் சொன்னேன்.

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'இன்' இரண்டு வகை. ஒன்றுக்கு 'இல்லை' என்று பொருள். மற்றொன்றுக்கு 'உள்ளே' என்று பொருள். இன்ஃப்ளேமபிளில் இருப்பது இரண்டாவது. தீ மூட்டுவதைக் குறிக்கும் இன்ஃப்ளேம் என்ற வினைச்சொல்லின் வழியில் வந்தது அது. இந்தக் குழப்பத்தால் ஆபத்து நேரும் என்று அஞ்சித்தான், 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிள் என்றே எழுதும்படி வலியுறுத்தியது. நம் ஊர் டேங்கர் லாரிகளின் பின்புறம் இன்றும் ஹைலி இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தீப்பற்றாத பொருளுக்கு உரிய சொல் நான்-ஃப்ளேமபிள்.

தமிழிலும் இப்படி உண்டு. மதிப்பற்ற பொருள் குப்பைக்குப் போகும். விலைமதிப்பற்ற பொருள் இரும்புப் பெட்டிக்குப் போகும். இரண்டிலும் அதே 'அற்ற'தான். ஆங்கிலத்தில் முன்னது வேல்யூலெஸ், பின்னது இன்வேல்யுவபிள். தாய்மொழி என்பதால் தமிழில் நாம் தடுமாறுவதில்லை.

சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், கொசு ஸ்பிரே என்று நம் வீடுகளிலும் இவ்வகைப் பொருள்கள் நிறைய உள்ளன. இன்ஃப்ளேமபிள் என்று கண்டால் அடுப்பங்கரையிலும் பூஜை விளக்கருகிலும் வைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு உதவ வருபவர்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.