பெயரும் கடனும்

சென்ற மாதம் எங்கள் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து, "மாமா, எங்களுக்கு நீங்கள்தான் கூடைப்பந்து கற்றுத்தர வேண்டும்" என்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, விளையாட்டின் பேரால் குமாஸ்தா வேலை பெற்றவன் நான். என்னை ஆளாக்கியது இக்குடியிருப்பின் திடலே. ஆயினும் உடனே இசைய நா எழவில்லை. அணி தோற்றால், "இவன் கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதானா?" என்று நாலுபேர் பேசுவார்களே என்று அஞ்சினேன்.

அவ்வேளையில் பாட்ரிக் யூயிங் என் நினைவுக்கு வந்தார். 1962-ல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர் அவர். தாயார் முன்னதாக அமெரிக்கா சென்று உழைத்தார். பிள்ளை பன்னிரண்டு வயதளவில் அங்கே போய்ச் சேர்ந்தார். கூடைப்பந்தைக் கற்றதும் குடியேறிய மண்ணிலேதான். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது அந்நியக் கதையன்று.

வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜான் தாம்சன் என்னும் ஆசானிடம் அவர் பயின்றார். 1984-ல் அக்கல்லூரி அணி தேசியப் பட்டம் வென்றது. பின்னர் நியூயார்க் நிக்ஸ் அணியில் பதினைந்து பருவங்கள் ஆடிப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றிவிட்டு, 2017-ல் தம் பழைய கல்லூரி அணிக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார்.

2021 மார்ச்சில் அவருடைய பிள்ளைகள் கிரைட்டன் அணியை 73-48 என வென்று, பிக் ஈஸ்ட் போட்டித் தொடரின் பட்டத்தைக் கைப்பற்றினர். அடுத்த பருவத்திலோ அப்பிரிவின் வழக்கமான ஆட்டங்கள் பத்தொன்பதிலும் தோல்வி! 2023 மார்ச்சில் அவரைப் பதவியினின்று நீக்கினர். ஆறு பருவங்களில் வெற்றி 75, தோல்வி 109.

ஆடும் திறன் வேறு, ஆட்டுவிக்கும் திறன் வேறு. ஏழடி உயர வீரராயினும், பயிற்சியாளரானபின் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் அத்தனை தோல்விகளும் 1984-ஆம் ஆண்டுப் பட்டத்தை அழித்துவிடவில்லை. தம்மை வளர்த்த இடம் அழைத்தபோது, பெயர் கெடுமோ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவுமில்லை. இதை எண்ணியபோது என் அச்சத்தை நினைத்து நானே நாணினேன்.

மறுநாள் மாலை திடலுக்குச் சென்றேன். பந்தை வாங்கி நானே பத்து முறை கூடையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினர், கற்றதோ ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பந்தை அவர்களிடமே கொடுத்துவிட்டுக் கரையில் நின்றேன். குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் ஏழு முறை தவறவிட்டு, எட்டாம் முறை போட்டான். நான் ஆடிப் பெற்ற வெற்றிகளில்கூட இத்தகைய மகிழ்ச்சியை அறிந்ததில்லை.

வரும் போட்டியில் நாங்கள் தோற்கவும் கூடும். தோற்றால் அப்பழி என்னைச் சேரட்டும். பெற்றோர்கள் தத்தம் பிள்ளைகளை, பெண்மக்களையும் சேர்த்தே, ஞாயிறுதோறும் காலையில் திடலுக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன்.