53 பேரில் ஒருவராக

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே சின்ன ஊர். லாம்போ ஃபீல்டு அரங்கத்தை விட்டிறங்கிச் சாலையைக் கடந்தால் ரே நிட்ஷ்கே பயிற்சித் திடல். 2023 ஆகஸ்டில் நான் போனபோது காலையிலேயே வேலியோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. டிக்கெட் கிடையாது. ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸின் வீரர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளின் சைக்கிள்களை வாங்கி மிதித்து வர, அவர்களுடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் கூடவே ஓடிவருகிறார்கள். வின்ஸ் லம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் இது.

எல்லார் கண்ணும் ஜோர்டன் லவ் மேல். ஆரன் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டதால், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பொறுப்பு அந்த ஆண்டுதான் அவர் கைக்கு வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களில் கடைசி வரிசைப் புதுமுகங்களை.

கணக்கு கடுமையானது. பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமில் 90 பேர் இருக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29-க்குள் அதை 53 ஆகக் குறைக்க வேண்டியிருந்தது. அதில் ரிசீவர்களுக்கு ஐந்து அல்லது ஆறு இடம். திடலிலோ பத்துக்கும் மேற்பட்டோர். அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏழு சுற்று டிராஃப்ட்டில் முதலிரு சுற்றுகளில் எடுக்கப்பட்டவரை அணி எளிதில் விடாது. நான் பார்த்த புதுமுகங்களில் டொன்டேவியன் விக்ஸ் ஐந்தாம் சுற்றில் 159-ஆவது ஆள். கிரான்ட் டுபோஸ் ஏழாம் சுற்று. மொத்தம் 259 பேரில் 256-ஆவது. மாலிக் ஹீத்தை எந்த அணியுமே டிராஃப்ட்டில் எடுக்கவில்லை.

கிட்டே நின்று பார்த்தால்தான் இவர்கள் வேலையின் நுட்பம் தெரிகிறது. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போய்விடுகிறது. பன்னிரண்டு கஜத்தில் திரும்ப வேண்டியவர் பதினோராவது கஜத்தில் திரும்பினால் பந்து எதிராளிக்குப் போகலாம். ஓட்டத்தின் வேகத்தைவிட, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் இருப்பதுதான் முக்கியம். திருப்பத்தில் கால் சறுக்கினால் பயிற்சியாளர் அங்கேயே நிறுத்தி மறுபடியும் ஓடச் சொல்கிறார்.

பந்து வேறொருவருக்குப் போகும்போதும் இவர்களுக்கு ஓய்வில்லை. தன்னைவிடக் கனத்த எதிராளியைத் தடுத்து, பந்தோடு ஓடுபவருக்கு வழி உண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகு பன்ட் பயிற்சி: காலால் உதைத்த பந்து வானத்தில் இருக்கும்போதே, இருவர் தள்ளியும் நிற்காமல், அதைப் பிடிப்பவரை நோக்கிப் பாய வேண்டும். ஐந்தாவது, ஆறாவது ரிசீவருக்கு ஆட்டத்தில் பந்து வருவது அபூர்வம். அவர் சோற்றுக்கு வழி இந்த ஓட்டம்தான். கூட்டம் அப்போது தண்ணீர் வாங்கப் போய்விடுகிறது. பயிற்சியாளர்கள் குறிப்பேட்டை விரித்துக்கொள்கிறார்கள்.

கடைசி வரிசையிலிருந்தும் ஒருவர் மேலே வரலாம் என்பதில் இந்த ஊருக்கு நம்பிக்கை உண்டு. 1999-இல் ஏழாம் சுற்றில் 213-ஆவதாக வந்த டொனால்ட் டிரைவர் 14 பருவங்கள் இங்கேயே ஆடி, பந்து பிடித்து 10,137 கஜம் சேர்த்து, அதில் அணியின் சாதனையாளர் ஆனார்.

ஆகஸ்ட் 29 வந்தது. அணி ஆறு ரிசீவர்களை வைத்துக்கொண்டது. விக்ஸுக்கு இடம், அந்தப் பருவத்தில் 39 பந்து பிடித்து 581 கஜம் சேர்த்தார். யாரும் எடுக்காத ஹீத்துக்கும் இடம். டிராஃப்ட்டில் பெயர் வாசிக்கப்பட்ட டுபோஸ் விடுவிக்கப்பட்டு, 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சேர்க்கப்பட்டார். அங்கே சம்பளம் குறைவு. வாய்ப்பு முற்றாக மூடிவிடுவதும் இல்லை.

டிராஃப்ட் எண் ஒருவரை முகாமின் வாசல்வரைதான் கொண்டுவந்து விடுகிறது. உள்ளே இடம் பிடித்துத் தருவது, பந்து கையில் இல்லாதபோது அவர் செய்யும் வேலை. அடுத்து ஓர் ஆட்டம் பார்க்கும்போது பந்தை ஒரு நிமிடம் விட்டுவிட்டு, அந்த ஆறாவது ரிசீவரைப் பாருங்கள்.